115 கிலோவுக்குள் எந்த இன்ஜின்? வீட்டில் கட்டும் ஒற்றை இருக்கை விமானத்துக்கு நான்கு வழிகள்

விமானி உரிமம் இல்லாமல், விமானத்துக்குப் பதிவு எண் இல்லாமல், சட்டப்படியே பறக்க அமெரிக்காவில் ஒரு வழி இருக்கிறது. அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 1982இல் கொண்டுவந்த பார்ட் 103 என்ற விதித்தொகுப்புதான் அது. ஒருவர் மட்டுமே உட்காரலாம். காலி எடை 254 பவுண்டுக்கு, அதாவது சுமார் 115 கிலோவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். பெட்ரோல் 5 கேலனைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் ஏறத்தாழ 19 லிட்டர். முழு விசையில் மட்டமாகப் பறக்கும்போது வேகம் மணிக்கு 102 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. விசையை முழுதாகக் குறைத்தபின், மணிக்கு 44 கிலோமீட்டர் வரையாவது வேகம் குறைந்த பிறகே ஸ்டால் ஆக வேண்டும், அதாவது இறக்கை தூக்கும் திறனை இழக்க வேண்டும். பகலில் பறக்கலாம், ஜன நெரிசலான இடங்களுக்கு மேலே போகக் கூடாது. இந்தியாவில் இந்தச் சலுகை கிடையாது; மைக்ரோலைட் என்றாலும் பதிவு, உரிமம் எல்லாம் உண்டு. அதனால் நான் இங்கே எழுதுவது அமெரிக்காவில் இருந்துகொண்டு கார் ஷெட்டில் ஒரு விமானம் கட்ட நினைப்பவருக்கும், அந்தக் கலையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கும்.

கட்ட நினைப்பவர்களில் பலர் முதலில் பிடித்த வரைபடம் ஒன்றை வாங்குகிறார்கள். குழாய் வாங்குகிறார்கள், இறக்கை கட்டுகிறார்கள். இன்ஜினைப் பற்றி நிதானமாக யோசிக்க உட்காரும்போது சட்டகமும் இறக்கையும் முடிந்திருக்கும். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் என் கருத்து. 115 கிலோவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்ஜினே தின்றுவிடும். மீதியில்தான் சட்டகம், இறக்கை, துணி, பெயின்ட், சக்கரம், இருக்கை, காலி டேங்க், மீட்டர்கள் எல்லாம் அடங்க வேண்டும். இன்ஜின் 40 கிலோ, புரொப்பெல்லரும் மவுண்ட்டும் சேர்த்து 6 கிலோ என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் 69 கிலோதான் இருக்கிறது. துணியின் மேல் கூடுதலாக ஒரு பூச்சு பெயின்ட் அடித்தாலே ஓரிரண்டு கிலோ போய்விடும். சக்கரத்துக்கு பிரேக் வைக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பதும் இன்ஜின்தான்.

ஒரு ஆறுதல்: அவசரத்துக்கு விரியும் பாராசூட்டை எஃப்.ஏ.ஏ. இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கென்று 24 பவுண்டு தனியாக அனுமதிக்கிறது. சுமார் 11 கிலோ. இந்தச் சலுகையை விட்டுவிடாதீர்கள். காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

ஹெச்.பி.யைப் பார்க்காதீர்கள், இழுவிசையைப் பாருங்கள்

இன்ஜின் விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது ஹெச்.பி. எண். மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு அந்த எண் பாதிக் கதைதான். மணிக்கு 65 கிலோமீட்டரில் மேலேறும் விமானத்துக்கு வேண்டியது, நிறையக் காற்றை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளும் பெரிய புரொப்பெல்லர். கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளும் சின்ன புரொப்பெல்லர் அதே சக்தியில் பெரும்பகுதியை வீணாக்கும். கணக்கு எளிது. சக்தி மாறாமல் இருந்தால், நின்ற நிலையில் கிடைக்கும் இழுவிசை விட்டத்தின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு ஏற்பக் கூடும். 54 அங்குல புரொப்பெல்லரை 66 அங்குலமாக மாற்றினால், இன்ஜினில் எதையும் தொடாமலே, கோட்பாட்டளவில் 14 சதவீதம் கூடுதல் இழுவிசை.

அப்படியானால் எல்லாருமே பெரிய புரொப்பெல்லர் மாட்டலாமே என்றால், நுனி வேகம் தடுக்கும். 66 அங்குல புரொப்பெல்லரை நிமிடத்துக்கு 6,500 சுற்று சுற்றினால் நுனி விநாடிக்கு 570 மீட்டர் வேகத்தில் போக வேண்டியிருக்கும். ஒலியின் வேகமே விநாடிக்கு 340 மீட்டர்தான். சத்தம் காதைக் கிழிக்கும், இழுவிசை சரிந்துவிடும். ஆகவே வேகமாகச் சுற்றும் இன்ஜினுக்கு கியர்பாக்ஸோ பெல்ட்டோ வேண்டும். மெதுவாகச் சுற்றும் இன்ஜினை நேரடியாக மாட்டலாம், ஆனால் புரொப்பெல்லர் சின்னதாகத்தான் இருக்கும். கீழே சொல்லப்போகும் நான்கு வழிகளும் பிரிகிற இடம் இதுவே.

டூ-ஸ்ட்ரோக்

டூ-ஸ்ட்ரோக் என்றதும் நம்மில் பலருக்கு யமஹா ஆர்.எக்ஸ். 100 நினைவுக்கு வரும். அந்தச் சீற்றமும் அந்த எண்ணெய்ப் புகையும் இங்கேயும் அப்படியே உண்டு. அல்ட்ராலைட் எனப்படும் இந்த மிக இலகு விமானங்களின் உலகம் வளர்ந்ததே இந்த இன்ஜின்களின் மேல்தான். பனிவண்டிக்காகச் செய்த இன்ஜின்களை எடுத்து மாட்டித்தான் 1970களின் கடைசியில் பறந்தார்கள். பிறகு ஆஸ்திரியாவின் ராட்டாக்ஸ் இந்தத் துறையின் அடையாளமாகவே ஆனது. ஏர்-கூல்ட் இரட்டை சிலிண்டரான ராட்டாக்ஸ் 447, 436 சிசியில் 40 ஹெச்.பி. தரும். கியர்பாக்ஸ், எக்ஸாஸ்ட் எல்லாம் சேர்த்தும் எடை நாற்பது கிலோவை ஒட்டித்தான். இப்போது அது தயாரிப்பில் இல்லை. நல்ல நிலையில் உள்ள பழைய இன்ஜின்கள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. புதிதாக வேண்டுமென்றால் ஜெர்மனியின் ஹிர்த் எஃப்-33 இருக்கிறது. 313 சிசி, ஒற்றை சிலிண்டர், 28 ஹெச்.பி., எடை 20 கிலோ அளவுதான். இத்தாலியின் பொலினி தோர் வகைகளும் பரவலாகிவிட்டன.

இதன் பெரிய பலம் எடைக்கு ஏற்ற சக்தி. 2.58 விகித கியர்பாக்ஸ் போட்டால் 6,500 சுற்று 2,500 சுற்றாகக் குறையும். 66 அங்குல புரொப்பெல்லர் நிம்மதியாகச் சுற்றும். புல்தரையில் மிகக் குறைந்த தூரத்தில் எழும்பி, ஓடுபாதை முடிவில் நிற்கும் மரங்களைத் தாண்ட வேண்டிய இடத்தில் இதற்கு ஈடு இல்லை. கனமான உடல்வாகு உள்ளவர்களும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பலவீனம் எல்லாருக்கும் தெரிந்ததே, ஆனால் அதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது முக்கியம். ராட்டாக்ஸ் தன் டூ-ஸ்ட்ரோக் கையேடுகளிலேயே, இந்த இன்ஜின் அதன் வடிவமைப்பினாலேயே திடீரென்று நின்றுபோகக்கூடியது என்று எச்சரிக்கிறது. எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது, 50க்கு 1 என்ற விகிதத்தில். பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான கார்புரேட்டர் ஜெட்டில் ஒரு தூசி அடைத்து பெட்ரோல் குறைந்தால் உயவும் சேர்ந்தே குறைகிறது. குளிர்ந்திருக்கும் இன்ஜினை உடனே முழு விசைக்குத் தள்ளினால், பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரிந்து பிடித்துக்கொள்ளும். இறங்கும்போது விசையைப் பாதியாகக் குறைத்து மூக்கைத் தாழ்த்தினால், காற்றே புரொப்பெல்லரைத் தள்ளிச் சுற்றும். சுமை இறங்கிய இன்ஜினில் எக்ஸாஸ்ட் வெப்பம் மளமளவென்று ஏறும். 650 டிகிரி செல்சியஸ் எட்டக் கூடாத எல்லை. புரொப்பெல்லரின் பிட்சை, அதாவது இலையின் சாய்வை, ஒரு டிகிரி மாற்றினாலே இந்த எண்கள் மாறும். பிட்ச் கூடினால் எக்ஸாஸ்ட் வெப்பம் இறங்கி, சிலிண்டர் ஹெட் வெப்பம் ஏறும். கோடையிலும் பனிக்காலத்திலும் ஒரே ஜெட் சரிவராது.

எனவே டூ-ஸ்ட்ரோக் எடுப்பவர் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாக எக்ஸாஸ்ட் வெப்ப மீட்டர் வைத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் எண்களை எழுதிவைக்கும் பழக்கமும் வேண்டும். மீட்டரைப் பார்க்கும் பொறுமை உங்களிடம் இருந்தால் இந்த இன்ஜின் நல்லபடியாக உழைக்கும். 300 மணி நேரத்தில் ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது ராட்டாக்ஸ். பெட்ரோல் செலவும் கூடுதல்: 447 வகை மணிக்கு 11, 12 லிட்டர் குடிக்கும். 19 லிட்டர் டேங்க்கில் ஒன்றரை மணி நேரத்தைத்தான் எண்ண முடியும், அதிலும் கடைசி அரை மணி நேரத்தைக் கையிருப்பாக விட்டுவிட வேண்டும்.

கியர்பாக்ஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ராட்டாக்ஸ் பி வகை கியர்பாக்ஸுக்கு புரொப்பெல்லரின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாற்றத்தை அது எதிர்க்கும் அளவு) வரம்பு 3,000 கிலோகிராம்-சதுர சென்டிமீட்டர். சி வகைக்கு 6,000. பழைய இன்ஜினை வாங்கி, கிடைத்த மூன்று இலை புரொப்பெல்லரை மாட்டுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. பிறகு கியர் பல் உடைந்தால் இன்ஜின் மேல் பழி போடுகிறார்கள்.

பாதி ஃபோக்ஸ்வேகன்

பீட்டில் காரின் நான்கு சிலிண்டர் இன்ஜினைக் குறுக்கே அறுத்து, இரண்டு சிலிண்டரை மட்டும் வைத்துக்கொள்வது. கேட்க முரட்டுத்தனமாக இருக்கும். செய்து பறந்தவர்கள் நிறையப் பேர். லெனார்ட் மில்ஹாலண்ட் வரைந்த லீகல் ஈகிள் என்ற ஒற்றை இருக்கை விமானம் இந்த இன்ஜினை மனதில் வைத்தே, 254 பவுண்டுக்குள் அடங்கும்படி வரையப்பட்டது. அதன் உடல் 4130 எஃகுக் குழாயை வெல்டிங் செய்து கட்டுவது.

எதிரெதிராகப் படுத்திருக்கும் இரண்டு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் வெளியே போய் ஒரே நேரத்தில் உள்ளே வரும். அதனால் அதிர்வின் பெரும்பகுதி ஒன்றையொன்று சமன்செய்துவிடும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு என்று சீராகவும் இருக்கும். சிலிண்டரின் அளவைப் பொறுத்து 30 முதல் 40 ஹெச்.பி. வரை எடுக்கலாம். செல்ஃப் மோட்டார் இல்லாமல், கையால் புரொப்பெல்லரைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் எளிய வடிவத்தில் எடை நாற்பது கிலோ அளவில் நிற்கும். பழைய பீட்டில் பிளாக் மக்னீசியக் கலவை. இன்று புதிதாக வார்த்து விற்கும் அலுமினிய பிளாக் அதைவிடக் கனம். பழைய பிளாக் கிடைத்தால், விரிசல் இல்லாமல் இருந்தால், அதுவே மேல்.

இதன் அருமை உயவில் இருக்கிறது. எண்ணெய் தனி, பெட்ரோல் தனி. கார்புரேட்டர் கொஞ்சம் திணறினாலும் பிஸ்டன் உடனே பிடித்துக்கொள்வதில்லை; பெரும்பாலும் முதலில் இருமும், நடுங்கும், சக்தி குறையும். வயல் ஒன்றைப் பார்த்து இறங்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கலாம். நிமிடத்துக்கு 3,200 சுற்றில் ஓடுவதால் சத்தமும் தாழ்ந்தே இருக்கும்; பக்கத்துப் பண்ணைக்காரரோடு உறவு கெடாது. மணிக்கு ஏழெட்டு லிட்டர்தான் குடிக்கும். சுழற்சியிலிருந்தே தீப்பொறிக்கான மின்சாரம் தரும் மேக்னெட்டோ வைத்தால் பேட்டரியே வேண்டாம். இருபத்தைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றி, டேப்பட் பார்த்துக்கொண்டால் போதும்.

குறை, புரொப்பெல்லர். கியர் இல்லை, நேரடி. 54 அங்குலத்தை ஒட்டித்தான் மாட்ட முடியும். டூ-ஸ்ட்ரோக்கின் 40 ஹெச்.பி.யும் இதன் 40 ஹெச்.பி.யும் ஏட்டில் ஒன்றுதான், மரத்தைத் தாண்டும்போது ஒன்றல்ல. இன்னொன்று, அந்த கிராங்க் ஷாஃப்ட் காருக்காகச் செய்தது. விமானம் மூக்கைத் திருப்பும்போதெல்லாம் சுற்றும் புரொப்பெல்லர் அதை வளைக்கப் பார்க்கும். கனமான உலோக புரொப்பெல்லர் இதற்கு ஆகவே ஆகாது. மரத்தில் செய்ததே சரி. மரம் எடை குறைவு, அதிர்வையும் உள்வாங்கிக்கொள்ளும். ஆனால் மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப உப்பிச் சுருங்கும். பருவம் மாறும்போது புரொப்பெல்லர் போல்ட்டுகளை டார்க் ஸ்பேனரால் மறுபடி பார்க்காவிட்டால் வறண்ட குளிர்காலத்தில் அவை தளர்ந்துபோயிருக்கும்.

அறுப்பதை நீங்களே செய்ய வேண்டுமா? நல்ல லேத் பட்டறைப் பழக்கம் இல்லாவிட்டால் வேண்டாம். பிளாக்கை அறுப்பதைவிட, வெட்டிய கிராங்க்கைச் சரியாக முடிப்பதும், புரொப்பெல்லர் ஹப்பை அதில் சூடேற்றிப் பொருத்துவதும்தான் நுணுக்கமான வேலை. மற்ற கோர்ப்பு வேலையை யாரும் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளவும் வேண்டும், ஏனென்றால் கோர்த்த கைக்குத்தான் சத்தத்தில் வரும் சிறு மாற்றம் முதலில் புரியும்.

புல்வெட்டி இன்ஜினும் பேட்டரியும்

மூன்றாவது வழி, தோட்ட டிராக்டர்களில் வரும் வி-ட்வின் இன்ஜின், அதாவது இரண்டு சிலிண்டர்கள் V வடிவில் நிற்பது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் வேன்கார்டு 627 சிசி வகை 23 ஹெச்.பி. தரும், புதிதாகவே கிடைக்கும், உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. விமான இன்ஜின் விலையில் சிறு பங்கு. பெல்ட் போட்டுப் பெரிய புரொப்பெல்லரைச் சுற்றலாம். செக் நாட்டின் எஸ்.டி-1 மினிஸ்போர்ட் இதே வகையிலிருந்து உருவான இன்ஜினில் நன்றாகப் பறக்கிறது. ஆனால் அது காற்றைக் கிழித்துப் போகும் வழவழப்பான மர விமானம். குழாயும் வயரும் துருத்திக்கொண்டிருக்கும் நம் துணி விமானத்துக்கு அதே 23 ஹெச்.பி. என்றால் ஏற்றம் விநாடிக்கு 2 மீட்டர் அளவில்தான் இருக்கும். வெயில் நாளில் இன்னும் குறையும். எடை குறைந்தவர், நீளமான ஓடுபாதை, சமவெளி என்றால் சரி.

சக்தியைக் கூட்டலாம் என்று, சுற்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான கவர்னரைக் கழற்றுகிறார்கள். 3,600 சுற்றுக்கு மேல் போகாதபடி கட்டிப்போட்ட வார்ப்பிரும்பு ஃப்ளைவீல், அதற்கு மேல் சுற்றினால் வெடித்துச் சிதறக்கூடியது. அது சுற்றுவது உங்கள் முழங்காலுக்குப் பக்கத்திலோ முதுகுக்குப் பின்னாலோ. ஃப்ளைவீலை மாற்றாமல் கவர்னரைத் தொடாதீர்கள்.

மின்சாரம் பலருக்கும் ஆசை காட்டுகிறது. எனக்கும் அந்த அமைதி பிடிக்கும். இங்கே சட்டமே ஒரு முட்டுக்கட்டை. பெட்ரோல் காலி எடையில் சேராது, பேட்டரி சேரும். 19 லிட்டர் பெட்ரோலின் பதின்மூன்றரை கிலோ கணக்குக்கு வெளியே. 30 கிலோ பேட்டரி கணக்குக்கு உள்ளே. பெட்டியோடு சேர்த்து கிலோவுக்கு 150 வாட்-மணி என்று வைத்தால் 30 கிலோவில் 4.5 கிலோவாட்-மணி கிடைக்கும். இப்படிப்பட்ட விமானம் மட்டமாகப் பறக்கவே சுமார் 11 கிலோவாட் இழுக்கும். மொத்தம் 24 நிமிடம். மேலேறும் செலவையும் கையிருப்பையும் கழித்தால் கால் மணி நேரம். சொந்த வயலைச் சுற்றி மாலையில் இரண்டு வட்டம் அடித்து இறங்க அது போதும், வேறு எங்கும் போக முடியாது. பேட்டரி வளர வளர இந்தப் பத்தி பழசாகும் என்று நம்புகிறேன்.

பொருத்தும்போது

எந்த இன்ஜினானாலும் அது உட்காரும் இடம் விமானத்தின் குணத்தையே மாற்றும். மூக்கில் வைத்தால் குளிர்காற்று நேராகக் கிடைக்கும், எடைச் சமநிலை எளிது. இறக்கைக்கு மேலே, பின்பக்கம் பார்த்து வைத்தால் முன்னே பார்வை மறைக்காது. ஆனால் தள்ளும் கோடு உயரத்தில் இருப்பதால் விசையைக் கூட்டும்போது மூக்கு தாழும், இன்ஜின் நின்றால் மூக்கு தூக்கும். வேகம் வேண்டிய நேரத்தில் மூக்கு தூக்குவது ஆபத்து. கை தானாகவே குச்சியை முன்னே தள்ளும்படி பயிற்சி எடுத்திருக்க வேண்டும். பின்பக்க புரொப்பெல்லர் என்றால் தளர்ந்த எந்த நட்டும் சட்டைப்பையிலிருந்து விழும் எந்தப் பேனாவும் நேராக அதற்குள்தான் போகும். ஆகவே எல்லாவற்றையும் லாக் வயரால் கட்டுங்கள், ரப்பர் மவுண்ட் அறுந்தாலும் இன்ஜின் விழாமல் பிடிக்க ஒரு எஃகுக் கம்பி போடுங்கள்.

வரைபடத்தில் சொன்ன இன்ஜினை விட்டு வேறொன்றை மாட்டினால் எடைச் சமநிலையை மறுபடி கணக்கிட்டே ஆக வேண்டும். ஈர்ப்பு மையத்துக்கு ஒன்றரை மீட்டர் முன்னே 5 கிலோ கூடினால், மூன்று மீட்டர் பின்னே வாலில் இரண்டரை கிலோ ஈயம் கட்ட வேண்டியிருக்கும். 115 கிலோவில் அந்த இரண்டரை கிலோ எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்க பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் பொதுவாக 10 சதவீதம் எத்தனால் இருக்கும். அது ஈரத்தை இழுக்கும், சாதாரண ரப்பர் குழாயை இளக்கும். எத்தனால் தாங்கும் குழாயையே வாங்குங்கள். டூ-ஸ்ட்ரோக்கின் பம்ப் கிராங்க் கேஸின் காற்றழுத்தத் துடிப்பில் ஓடுவது. அந்தத் துடிப்புக் குழாய் குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். ஃபோக்ஸ்வேகனுக்கு கார்புரேட்டர் ஹீட் (கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் ஏற்பாடு) வைக்காமல் விடாதீர்கள். வெளியே 15 டிகிரி இருக்கும் ஈரமான காலையிலும் கார்புரேட்டருக்குள் பனி பிடிக்கும். இக்னிஷன் சுவிட்ச் வயரையும் சோதியுங்கள். மேக்னெட்டோவை நிறுத்துவது அதை எர்த் செய்துதான். வயர் அறுந்திருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் இன்ஜின் உயிரோடுதான் இருக்கும், புரொப்பெல்லரைத் தொட்டுத் திருப்பும் கையை அது வெட்டும்.

பறப்பதற்கு முன் வாலை ஒரு கம்பத்தில் கட்டி, நடுவில் தராசு மாட்டி, முழு விசையில் இழுத்துப் பாருங்கள். உங்கள் எடையும் பெட்ரோலும் சேர்ந்த மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்காவது தராசில் காட்ட வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு. 230 கிலோ என்றால் 77 கிலோ. அதற்குக் கீழே வந்தால் பிட்சை மாற்றுங்கள், புரொப்பெல்லரை மாற்றுங்கள். ஓடுபாதைக்கு மட்டும் போகாதீர்கள்.

என் தேர்வைக் கேட்டால்: தன் கையால் எஃகுக் குழாய் வெல்டிங் செய்து, இன்ஜினை மூக்கில் வைக்கும் விமானத்தைச் சமவெளியில், 300 மீட்டர் புல்தரை உள்ள இடத்தில் கட்டுகிறவருக்குப் பாதி ஃபோக்ஸ்வேகன். ஓடுபாதை குட்டை, சுற்றிலும் மரம், அல்லது உங்கள் எடை 90 கிலோவுக்கு மேல் என்றால் கியர்பாக்ஸ் வைத்த டூ-ஸ்ட்ரோக்; கூடவே வெப்ப மீட்டரும் பாராசூட்டும். வி-ட்வினை 65 கிலோ எடையுள்ள நண்பருக்கு மட்டும் சொல்வேன்.

கணக்குப் போட்டுப் பார்க்கையில் நீங்கள் விரும்பும் இன்ஜினோடு 115 கிலோ தாண்டும் என்று தெரிந்தால், சுரண்டிச் சுரண்டிச் சட்டகத்தின் பலத்தைக் குறைக்காதீர்கள். அமெரிக்காவிலேயே இன்னொரு வாசல் இருக்கிறது: சொந்தமாகக் கட்டிய சோதனை விமானம் என்ற வகையில் பதிவு செய்வது. அதற்குப் பதிவு எண் வேண்டும், ஆய்வு வேண்டும், ஸ்போர்ட் பைலட் உரிமமாவது வேண்டும்; வேலையில் பெரும்பகுதியைக் கற்றலுக்காக நீங்களே செய்தீர்கள் என்று காட்டவும் வேண்டும். ஆகவே முதல் குழாயை அறுக்கும் நாளிலிருந்தே ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, தேதி போட்டு, ரசீதுகளோடு ஒரு கோப்பில் வையுங்கள். எந்த வாசல் வழியாகப் போவீர்கள் என்பது கடைசியாகத் தராசில் ஏற்றும்போதுதான் உறுதியாகும்.